பத்து மணிக்கு மெயின் ஆஃப்

ஓசூர் பாகலூர் சாலையில் புதிதாக எழுந்திருக்கும் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் வாசலில், பகிர்ந்து வாழ்ந்தால் பூமி பிழைக்கும் என்ற பொருளில் பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். பச்சை நிறம், ஓரத்தில் ஓர் இலை. 1982-ல் மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டில் நான் ட்ரங்குப் பெட்டியை இறக்கியபோது, பூமியைக் காப்பாற்றும் வேலையில் சேர்ந்துவிட்டேன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. தனி ரூமுக்கு வாடகை கொடுக்க வக்கில்லாமல்தான் அங்கே போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஓசூரில் ஆலைகள் முந்திக்கொண்டன, வீடுகள் பிந்திவிட்டன. மாநில அரசின் சிப்காட் நிறுவனம் 1971-ல் உருவான பிறகு, வறண்டு கிடந்த தர்மபுரி மாவட்டத்தின் இந்த வடக்கு மூலையைத் தொழிற்பேட்டைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பெங்களூரு நாற்பது கிலோமீட்டர். நிலமும் சலுகையும் தமிழ்நாட்டுடையது. 1980-ல் அசோக் லேலண்ட் வந்தது, அதே ஆண்டு டிவிஎஸ் மொபெட்டும் இங்கிருந்து உருண்டு வெளியே போனது. எந்திரம் வைக்க ஷெட் கட்டியவர்கள், எந்திரத்தை ஓட்டுகிறவன் ராத்திரி எங்கே படுப்பான் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. அதை யோசித்தவர்கள் உள்ளூர் விவசாயிகள். ராகிக் கொல்லையின் ஓரத்தில் ஹாலோ பிளாக் அடுக்கி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்டு, கதவுக்கு இவ்வளவு என்று வாடகை வாங்க ஆரம்பித்தார்கள்.

எங்கள் லைனில் ஒரு பக்கம் ஐந்து கதவு, எதிர்ப்பக்கம் நான்கு. நடுவில் கட்டில் போடும் அகலத்துக்கு ஒரு சந்து. கோடியில் இரண்டு கக்கூஸ், ஒரு குளியலறை, ஒரு சிமென்ட் தொட்டி. ஓனரம்மா வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார், பால்காரரிடம் கன்னடம், வாடகை கேட்க மட்டும் தமிழ். மின்சாரத்துக்கு மீட்டர் கிடையாது. நாற்பது வாட் பல்பு ஒன்றுக்கு மாதம் இவ்வளவு, ரேடியோ இருந்தால் அதற்குத் தனி, ஃபேன் என்ற பேச்சே இல்லை. ஓசூர் குளிரில் ஃபேன் எதற்கு என்பார்; ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே சித்திரை மாதத்தில் அவர் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. ராத்திரி பத்து மணிக்கு மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். செகண்ட் ஷிப்ட் முடிந்து வருகிறவன் தீப்பெட்டியைத் தடவிக்கொண்டு வர வேண்டியதுதான். இன்றைய மொழியில் இதற்கு எரிசக்திச் சிக்கனம் என்று பெயர்.

என் அறையில் மூன்று பேர், மூன்று ஷிப்ட், ஒரே பாய். நான் எழுந்தால் கிருஷ்ணகிரிக்காரன் படுப்பான், அவன் எழுந்தால் அரூர்க்காரன். பாய் சூடு ஆறுவதே கிடையாது. ஞாயிற்றுக்கிழமைதான் மூன்று பேரும் ஒரே நேரத்தில் விழித்திருப்போம். அன்றைக்கு யார் முகம் எப்படி இருக்கும் என்று சரிபார்த்துக்கொள்வோம்.

சாப்பாட்டுக்கு நான்காவது கதவு ராயக்கோட்டை அக்கா. அவர் வீட்டுக்காரர் ஃபவுண்டரியில் இருந்தார். பிரம்மச்சாரிகள் நாங்கள் ராகி மாவு வாங்கிக் கொடுத்துவிடுவோம். அக்கா மாலையில் சந்தில் மூன்று கல்லை வைத்து, பெரிய பானையில் உலை ஏற்றி, இரண்டு காலாலும் பானைக் கவையை மிதித்துப் பிடித்துக்கொண்டு, துடுப்பால் களி கிண்டுவார். மாவு கட்டி விழாமல் இறுகி, பானையின் ஓரம் விடும் நேரத்தில் அக்காவின் மூச்சு சந்து முழுக்கக் கேட்கும். ஈரக் கையால் உருட்டி, தட்டுக்கு ஓர் உருண்டை. மார்கழி, தையில் அவரைக்கொட்டைக் குழம்பு, மற்ற நாளில் கீரைக் கடைசல். காசு வாங்க மாட்டார். பதிலுக்குக் கம்பெனி கேன்டீன் பன் எங்கள் சட்டைக்குள் ஒளிந்து அவர் பிள்ளைகளுக்கு வந்து சேரும். செக்யூரிட்டிக்கு இது தெரியும். அவரும் எட்டாவது கதவில்தான் குடியிருந்தார்.

1987-ல் ஓனரம்மா டிவி வாங்கினார். ஞாயிறு காலை ராமாயணத்துக்கு ஒன்பது கதவும் அவர் கூடத்தில் இருக்கும். வசனம் முழுக்க இந்தி. அங்கிருந்த தமிழர், தெலுங்கர், கன்னடர் ஒருவருக்கும் புரியாது. கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் மூன்று மொழியிலும் விளக்கம் நடக்கும், சண்டையும் நடக்கும்.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் நீங்கள் பெருமூச்சு விட்டுவிடுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ஒன்பது கதவுக்கு இரண்டு கக்கூஸ் என்றால், பெண்கள் விடியற்காலை நான்கு மணிக்கு எழ வேண்டும் என்று அர்த்தம். நிறைமாதக்காரிக்கும் அதே வரிசைதான். ஆறாவது கதவுக்காரர் குடித்துவிட்டு வந்து மனைவியை அடித்தால் எட்டுக் கதவுக்கும் கேட்கும், எட்டுக் கதவும் சாத்திக்கொள்ளும். குடிவருகிறவர்களிடம் ஓனரம்மா முதலில் கேட்டது சம்பளத்தையல்ல, “என்ன ஆளுங்க?” என்பதைத்தான். பதில் பிடிக்காவிட்டால் ரூம் காலி இல்லை. என்னோடு ஒரே எந்திரத்தில் நின்ற ஒருவனுக்கு அந்த லைனில் கடைசிவரை இடம் கிடைக்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் குடியிருக்க அரசாங்கமே ஊர் கட்டிக் கொடுத்த சமத்துவபுரம் 1998-ல் மதுரைப் பக்கம் மேலக்கோட்டையில் வந்தது என்றால், அதற்கு முன்னால் தானாக நடந்த கூட்டுவாழ்க்கையின் லட்சணம் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் சொன்ன பிறகு 1991 டிசம்பரையும் சொல்ல வேண்டும். காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூருவில் தமிழர்களை அடித்துத் துரத்தினார்கள். கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டி லாரியிலும் நடையிலும் ஜனங்கள் ஓசூருக்குள் வந்தார்கள். எங்கள் லைனில் கதவுக்குக் கதவு உறவு, உறவுக்கு உறவு என்று வந்து இறங்கினார்கள். பத்துக்குப் பத்து அறையில் எத்தனை பேர் படுத்தார்கள் என்று யாரும் எண்ணவில்லை. சந்தில் பாய் விரித்து ஆண்கள் படுத்தோம். பத்து மணிக்கு மெயினை இறக்கும் ஓனரம்மா அந்த வாரம் விளக்கை அணைக்கவே இல்லை. குழந்தைகள் இருட்டில் பயப்படும் என்றார். கூடுதல் ஆளுக்குக் கூடுதல் வாடகையும் கேட்கவில்லை. ராயக்கோட்டை அக்கா இரண்டு பானை வைத்தார். கன்னடம் பேசும் ஏழாவது கதவுக்காரர்தான் கடையில் மாவுக்குச் சொல்லி வாங்கி வந்தார்.

அந்த ஆண்டுகளில் ஊருக்குள் வேறு ஒரு பரிசோதனையும் நடந்துகொண்டிருந்தது. டாடாவும் மாநில அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன் கடிகாரக் கம்பெனி, கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் இருந்து பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து வந்தது. ஊரைவிட்டு வெளியே வராத பிள்ளைகள். அவர்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்து, கூடவே தங்கிச் சோறும் புத்தியும் சொல்ல வளர்ப்புப் பெற்றோராகத் தம்பதிகளையும் அமர்த்தினார்கள். நாங்கள் சிரித்தோம். வேலைக்கு எந்திரம் கொடுப்பார்கள், யூனிஃபார்ம் கொடுப்பார்கள், அப்பா அம்மாவுமா கொடுப்பார்கள்? பிறகு மத்திகிரிப் பக்கம் அந்தக் கம்பெனிக்குக் குடியிருப்பு வடிவமைக்க சார்லஸ் கொரியாவை அழைத்து வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. நாட்டின் பெரிய கட்டடக் கலைஞர் ஒருவர் தொழிலாளி வீட்டைப் பற்றி யோசிக்கிறார். பிரச்சினை என்னவென்றால், அவன் வேறு கம்பெனித் தொழிலாளி.

உலகத்தில் மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. டென்மார்க்கில் ஒவ்வொரு குழந்தைக்கும் நூறு பெற்றோர் வேண்டும் என்று 1967-ல் ஒரு பெண்மணி பத்திரிகையில் எழுதினார். யான் குட்மண்ட் ஹோயர் என்ற கட்டடக் கலைஞரும் அதே யோசனையில் இருந்தார். 1972-ல் கோபன்ஹேகனுக்கு வெளியே சில குடும்பங்கள் சேர்ந்து முதல் கூட்டுக் குடியிருப்பைக் கட்டிக்கொண்டன. ஆளுக்கொரு முழு வீடு, நடுவில் எல்லோருக்கும் ஒரு பொது வீடு, அங்கே முறைவைத்துச் சமையல். துணி துவைக்கும் எந்திரமும் தோட்டக் கருவியும் ஊருக்குப் பொது. பிறகு அமெரிக்கர்கள் அதைப் பார்த்துவிட்டுப் புத்தகம் போட்டார்கள், உலகம் முழுக்கப் பரவியது. நூறு பெற்றோர் விஷயத்தில் நாங்கள் அவர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. என் முதுகில் விழுந்த வசவுகளே சாட்சி. அவர்களிடம் இருந்து எங்களிடம் இல்லாதது ஒன்றுதான். எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பது என்பதை அங்கே குடியிருப்பவர்கள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள்.

எங்கள் லைன் இப்போது இல்லை. கிருஷ்ணகிரி 2004-ல் தனி மாவட்டமாகி, ஓசூர் 2019-ல் மாநகராட்சியாகி, பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியின் வாடகை எல்லை தாண்டி வழிந்து இந்தப் பக்கம் வந்ததில், ராகிக் கொல்லையெல்லாம் சதுர அடிக் கணக்குக்கு மாறிவிட்டது. என் கூடப்பிறந்த அக்காவின் பேரன் தினமும் அத்திப்பள்ளி தாண்டி வேலைக்குப் போகிறான். படுப்பது பாகலூர் சாலையின் அந்தப் பச்சைப் பலகைக் கட்டடத்தில். “கோ-லிவிங் தாத்தா, வந்து பாருங்க” என்று கூட்டிப்போனான்.

வாசலில் விரல் வைத்தால்தான் கதவு திறக்கும். என் விரலைக் கதவு மதிக்கவில்லை. பதிவேட்டில் பெயர், நேரம், உறவு எல்லாம் எழுதினேன். உள்ளே பெரிய ஹால். காற்றடைத்த மாதிரி மூட்டை நாற்காலிகள், கேரம் போர்டு, சுவரில் செடி. மூட்டையில் ஒரு பையன் காதில் ஒயர் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிர் மூட்டையில் இன்னொருவன், அதே மாதிரி.

“பக்கத்து ரூம்ல யாருப்பா?”

“யாரோ அசாம் பையன்னு நெனக்கிறேன் தாத்தா.”

“எத்தனை நாளா?”

“நான் வர்றதுக்கு முந்தியே இருக்கான்.”

சமையலறை உண்டு. ஒரு மைக்ரோவேவ், ஒரு சின்க், ராத்திரி ஒன்பது மணிக்குப் பூட்டு. சாப்பாடு வேனில் வருகிறது. பிடிக்காதவர்கள் செயலியில் வரவழைக்கிறார்கள். ஆளுக்கொரு கெட்டில், ஆளுக்கொரு அயர்ன் பாக்ஸ், ஆளுக்கொரு தண்ணீர் கேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தும் கேன் வியாபாரம் படுக்கவில்லை. பகிர்ந்துகொள்வதாகப் பலகையில் போட்டிருக்கும் கட்டடத்தில் உண்மையில் பொதுவாக இருப்பது லிஃப்டும் வை-ஃபையும். ராயக்கோட்டை அக்கா செய்த வேலைக்கு இங்கே சம்பளத்துக்கு ஆள் உண்டு, கம்யூனிட்டி மேனேஜர் என்று சேலத்துப் பையன். நல்ல பையன்தான். வெள்ளிக்கிழமை சினிமா போடுகிறான். வந்தவர்கள் சிரிப்பதைப் போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டுமாம்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கக்கூஸ் பளபளக்கிறது. ஆதார் கேட்கிறார்கள், சாதி கேட்கவில்லை. ஜார்கண்டில் இருந்து தனியாக வரும் ஒரு பெண்ணுக்குப் பணம் கட்டினால் மறுநாள் கட்டில் கிடைக்கிறது. எங்கள் லைனில் தனிப்பெண் ஒருத்தி வந்து ரூம் கேட்டிருந்தால் நடந்திருக்கக்கூடியதை நான் எழுத விரும்பவில்லை. ஆனால் பதிவேட்டுக்கு மேலே ஒட்டியிருந்த விதிப் பட்டியலின் முதல் வரி: விருந்தினர் இரவு தங்க அனுமதி இல்லை. 1991-ஐ நினைத்துக்கொண்டு அதை இரண்டு முறை படித்தேன்.

பெரிய அளவில் அரசாங்கமும் இறங்கிவிட்டது. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில், 706.50 கோடி ரூபாயில், 18,720 பெண் தொழிலாளர்களுக்கான விடுதியை முதலமைச்சர் திறந்துவைத்தார். அறைக்கு ஆறு பேர். இது தேவைதான், சந்தேகமில்லை. 2021 டிசம்பரில் பூந்தமல்லி விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ஆலைப் பெண்கள் படுத்த படுக்கையாகி, மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் விடுதி என்ற பொருளே கோட்டையின் காதில் விழுந்தது. அதே நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. 2025 நவம்பரில் இங்கே நாகமங்கலம் விடுதிக் குளியலறையில் ரகசியக் கேமரா என்று புகார் எழுந்து, பெண்கள் ராத்திரியோடு ராத்திரியாக வெளியே வந்து போராடினார்கள். ஆயிரக்கணக்கில் சேர்ந்து வாழ்கிறவர்கள் சேர்ந்து பேசக் கிடைத்த இடம் இரண்டு முறையும் வெட்டவெளிதான். விடுதிக்குள் அதற்கு ஓர் அறை, ஒரு கமிட்டி, வார்டனைக் கேள்வி கேட்க மாதம் ஒரு கூட்டம் என்று இருந்திருந்தால் தெருவுக்கு வந்திருக்க வேண்டியதில்லை.

லைன் வீட்டில் மெயின் சுவிட்ச் ஓனரம்மாவிடம், விடுதியில் கம்பெனியிடம், பச்சைப் பலகைக் கட்டடத்தில் யாரும் பார்க்காத ஒரு சர்வரிடம். மூன்றில் ஓனரம்மாவிடம் மட்டும்தான் நேரில் போய்ச் சண்டை போட முடிந்தது.

வேலை தேடி ஓசூர் வரும் பிள்ளைகளுக்கும் அவர்களை அனுப்பும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வை-ஃபை வேகத்தோடு இந்த மூன்றையும் கேளுங்கள்: சமையலறைச் சாவி யாரிடம், விதிகளை மாற்ற யாரிடம் பேச வேண்டும், ஊரில் இருந்து அம்மா வந்தால் ஓர் இரவு தங்கலாமா. கேட்கிறவர்கள் பெருகினால்தான் அடுத்த கட்டடத்துக்குப் பிளான் போடுகிறவர் யோசிப்பார்.