செட்டாப் பாக்ஸுக்கு வாய் முளைத்தால்...

கேள்வி: டிஷ்ஷும் இருக்கிறது, ஃபைபர் இன்டர்நெட்டும் வந்துவிட்டது. செட்டாப் பாக்ஸின் முதுகில் லேன் கேபிள் செருகும் ஓட்டை ஒன்று வருடக்கணக்கில் சும்மா கிடக்கிறது. அதில் கேபிளைச் செருகினால் கூடுதலாகச் சேனல் வருமா? (வாசகர், பெரியகுளம்)

பதில்: ஒன்றுகூட வராது. சேனல்கள் இறங்குவது பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து. பெரியகுளத்து ரூட்டருக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

செயற்கைக்கோள் பேசிக்கொண்டே இருக்கும். பாக்ஸ் கேட்டுக்கொண்டே இருக்கும். டி.டி.எச். பாக்ஸுக்குப் பிறவியிலேயே காது மட்டும்தான். லேன் கேபிளோ வைஃபையோதான் அதற்கு வாயைக் கொடுக்கிறது. "நேற்று விட்டுப்போன எபிசோடை எனக்கு மட்டும் இப்போது அனுப்பு" என்று கேட்க வாய் வேண்டும் அல்லவா? யூடியூப், ஓ.டி.டி. எல்லாம் அந்த வழியில் வருபவை. 2019, 2020 வாக்கில் ஏர்டெல் எக்ஸ்ட்ரீம், டாடா ஸ்கை பிஞ்ச் பிளஸ் என்று ஆண்ட்ராய்டு பாக்ஸ்கள் வரிசையாக இறங்கியது இதற்காகத்தான். ஒரே ரிமோட்டில் வானத்துச் சரக்கும் கேபிள் வழிச் சரக்கும்.

ஓட்டை இருப்பதாலேயே அது வேலை செய்யும் என்று நம்பிவிட வேண்டாம். செட்டிங்ஸில் 'நெட்வொர்க்' என்று ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேபிள் வாங்கினால் காசு மிச்சம்.

கேள்வி: பாக்ஸுக்கு வாய் இல்லை என்கிறீர்கள். ஆனால் எங்கள் வீட்டில் இன்டர்நெட்டே கிடையாது. போனில் ரீசார்ஜ் செய்ததும் சேனல் வந்துவிடுகிறதே? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: நல்ல மடக்கு. ரீசார்ஜ் பணம் போனதும், நிறுவனத்தின் தரை நிலையத்திலிருந்து "இந்த எண்ணுள்ள பாக்ஸைத் திறந்துவிடு" என்று ஓர் உத்தரவு செயற்கைக்கோளுக்கு ஏறுகிறது. அது அங்கிருந்து திருநெல்வேலிக்கு மட்டும் இறங்குவதில்லை. காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை அந்த நிறுவனத்தின் எல்லா பாக்ஸ்கள் மீதும் பொழிகிறது. மற்ற பாக்ஸ்கள் 'நமக்கில்லை' என்று விட்டுவிடும். எண் பொருந்தும் பாக்ஸ் மட்டும் கீழ்ப்படியும்.

"ரீசார்ஜ் பண்ணிட்டு பாக்ஸை ஆன்லயே வைங்க சார்" என்று கஸ்டமர் கேர் சொல்வதன் ரகசியமும் இதுதான். அணைத்து வைத்திருந்தால் உத்தரவு வந்து போனதே அதற்குத் தெரியாது. அதனால் அதைத் திரும்பத் திரும்ப அனுப்புவார்கள். பாக்ஸ் "வந்து சேர்ந்தது" என்று பதில் சொன்னால் ஒரு தடவையோடு முடிந்துவிடும். சொல்லத்தான் வாய் இல்லையே.

கேள்வி: டிஷ்ஷிலிருந்து வரும் வயரை நேராக ரூட்டரில் செருகிவிட்டால், வீட்டில் எல்லா போனிலும் சேனல் தெரியாதா? (கல்லூரி மாணவர், கோவை)

பதில்: முதலில் செருகவே முடியாது. டிஷ் வயரின் முனையில் இருப்பது திருகு மாட்டும் எஃப் கனெக்டர். ரூட்டரில் இருப்பது ஆர்.ஜே.45. வம்படியாக மாட்டினாலும், டிஷ்ஷின் மூக்கில் இருக்கும் எல்.என்.பி.க்கு பாக்ஸ்தான் அந்த வயர் வழியே 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் அனுப்புகிறது. ரூட்டருக்கு அந்த வேலை தெரியாது.

ஆனால் மாணவர் கேட்டது அசட்டுக் கேள்வி அல்ல. இதையே ஐரோப்பாவில் உட்கார்ந்து யோசித்து, 2012இல் 'சாட்-ஐபி' என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். லக்சம்பர்க்கின் எஸ்.இ.எஸ். செயற்கைக்கோள் நிறுவனமும் பிரிட்டனின் பிஸ்கைபியும் அதில் கைகோத்தன. டிஷ்ஷுக்கும் ரூட்டருக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி. வானத்திலிருந்து வரும் அலையை அது இன்டர்நெட் பொட்டலங்களாக மாற்றி வீட்டு நெட்வொர்க்கில் விடும். பிறகு டேப்லெட், லேப்டாப், படுக்கையறை டி.வி. எதில் வேண்டுமானாலும் பார்க்கலாம். இதற்கு வெளி இன்டர்நெட் தேவையே இல்லை, வீட்டுக்குள் ஓடும் வைஃபை போதும்.

ஜெர்மனியில் இது நன்றாகப் பிடித்துக்கொண்டது. காரணம் எளிது: அங்கே ஏ.ஆர்.டி., இசட்.டி.எஃப். போன்ற பொது ஒளிபரப்புகள் செயற்கைக்கோளில் பூட்டே இல்லாமல் வருகின்றன. நம் ஊர்க் கட்டண டி.டி.எச்.சில் அலை முழுக்கப் பூட்டியிருக்கும். சாவி அந்த நிறுவனத்து பாக்ஸுக்குள். ஆகவே கோவையில் இந்தப் பெட்டியை வாங்கி மாட்டினால் தேறுவது தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ்ஷில் பூட்டில்லாமல் வரும் சேனல்கள்தான். அதுவே போதும் என்பவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

கேள்வி: மழை வந்தால் டிஷ் போய்விடுகிறது. இன்டர்நெட் இணைத்தால் மழையிலும் படம் தெரியுமா? (வாசகர், கடலூர்)

பதில்: யூடியூப் தெரியும். செயற்கைக்கோள் சேனல் அப்போதும் போய்விடும். அதே சேனலின் செயலியை பாக்ஸில் திறந்தால் தப்பிக்கலாம், கடலூரில் ஐப்பசி மழைக்குக் கரண்ட் நிற்குமானால்.

டி.டி.எச். பயன்படுத்தும் கே-யூ பேண்ட் அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். கனத்த மழையில் துளிகள் இந்த அலையை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. கேபிள்காரர்கள் மொட்டைமாடியில் வைத்திருக்கும் பிரம்மாண்ட டிஷ்கள் சி பேண்டுக்கானவை. அங்கே அலை நீளம் ஏழு சென்டிமீட்டருக்கு மேல். மழைக்கு அவ்வளவாக அஞ்சாது.

ஒரு விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். ஃப்ரீ டிஷ், சன் டைரக்ட் சேனல்கள் வரும் 93.5 டிகிரி கிழக்குச் செயற்கைக்கோள் சென்னையிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், அடிவானத்துக்கு மேலே எழுபது டிகிரியை ஒட்டி நிற்கிறது. லண்டனில் டிஷ்கள் வெறும் 25 டிகிரி உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளைப் பிடிக்க, சுவரோடு சுவராக நிமிர்ந்து நிற்கின்றன. அங்கே அலை மேகத்துக்குள் சாய்வாக நெடுந்தூரம் நடந்து வர வேண்டும். இங்கே கிட்டத்தட்ட நேராக இறங்கிவிடும். ஆனால் லண்டன் தூறலையும் நம் ஐப்பசி மழையையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பதால் கணக்கு நேராகிவிடுகிறது.

வானம் பளிச்சென்று இருக்கும்போதே மார்ச்சிலும், செப்டம்பர்-அக்டோபரிலும் பகலில் சில நிமிடம் படம் உடைந்தால் பாக்ஸைத் தட்ட வேண்டாம். சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நின்று இரைச்சல் போடுகிறது. சில நாளில் விலகிவிடும்.

கேள்வி: வைஃபை 'கனெக்டட்' என்று காட்டுகிறது, எதுவும் ஓடவில்லை. மூன்று பேர் வந்து பார்த்துவிட்டார்கள். டிஷ்காரர் இன்டர்நெட்காரரைச் சொல்கிறார், அவர் இவரைச் சொல்கிறார். (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: குற்றவாளி யார் என்பதை ஆசிரியரே கண்டுபிடிக்கலாம். சேனல் ஓடுகிறது, யூடியூப் ஓடவில்லை என்றால் ரூட்டர் பக்கம். யூடியூப் ஓடுகிறது, சேனலில் 'நோ சிக்னல்' என்றால் டிஷ் பக்கம். இந்த ஒரு வரியைத் தாளில் எழுதி டி.வி.க்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தால், வருகிற மூவரில் இருவருக்கு வேலை இல்லை.

கும்பகோணத்துக் கேஸ் ரூட்டர் பக்கம்தான். பாக்ஸின் நெட்வொர்க் பக்கத்தில் ஐ.பி. முகவரி என்று ஓர் எண் இருக்கும். அது 192.168 என்று தொடங்கினால் ரூட்டர் அதற்கு விலாசம் கொடுத்திருக்கிறது. 169.254 என்று தொடங்கினால் விலாசம் கிடைக்காமல் பாக்ஸ் தானாகவே ஒன்றைப் புனைந்துகொண்டது என்று பொருள். ரூட்டரை அணைத்துப் போட்டு, அது முழுதாக எழுந்தபின் பாக்ஸை ஆன் செய்தால் பெரும்பாலும் சரியாகும். விலாசம் சரியாக இருந்தும் ஆப் திறக்கவில்லை என்றால் பாக்ஸில் தேதி சரியா என்று பார்க்க வேண்டும். 1970ஆம் ஆண்டில் வாழும் பாக்ஸை எந்தச் செயலியும் நம்பாது. பாதுகாப்புச் சான்றிதழின் தேதியோடு அது பொருந்தாது.

அடுத்தது இடம். ஃபைபர் கொண்டுவருகிறவர் தமக்கு எந்த ஜன்னல் வசதியோ அங்கே துளை போட்டு ரூட்டரைத் தொங்கவிட்டுப் போய்விடுவார். டி.வி. இரண்டு கான்கிரீட் சுவர் தாண்டி இருக்கும். நடுவில் ஓர் இரும்பு பீரோ. ரூட்டரில் இரண்டு வகை வைஃபை உண்டு: 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும், 2.4 தூரம் போகும், ஆனால் பக்கத்து வீட்டு ரூட்டர், ப்ளூடூத், சமையலறை மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே அலைவரிசையில்தான் கும்மியடிக்கின்றன. பழைய பாக்ஸ்கள் பலவற்றுக்கு 5 என்றால் என்னவென்றே தெரியாது. ரூட்டர் 5இல் மட்டும் இயங்கினால் பெயரே பட்டியலில் வராது.

யூ.எஸ்.பி. ஓட்டையில் கடையில் கிடைத்த வைஃபை டாங்கிளைச் செருகிப் பார்ப்பதும் வழக்கம். அந்த டாங்கிளின் சிப்புக்கான மென்பொருள் பாக்ஸுக்குள் இருந்தால் மட்டுமே அது வேலை செய்யும். பாக்ஸ் மாடலைச் சொல்லி வாங்குவதே சரி.

இத்தனை தலைவலிக்கும் மருந்து லேன் கேபிள். கேட்-5இ கேபிள் 100 மீட்டர் வரை தாராளமாக ஓடும். கும்பகோணத்து நீள வீடுகளுக்கே அது மிச்சம். பாக்ஸின் லேன் ஓட்டை நொடிக்கு 100 மெகாபிட்தான் தாங்கும் என்று கவலைப்படத் தேவையில்லை. 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பதே 15தான், ஃபுல் ஹெச்.டி.க்கு 5. சுவரோரம் வயர் ஓடுவது அழகில்லை என்று வீட்டில் ஆட்சேபம் எழலாம். அந்தப் பேச்சுவார்த்தைக்குத் தொழில்நுட்பத்தில் வழி இல்லை.

கேள்வி: கிரிக்கெட்டில் சிக்ஸர் போகும் முன்பே பக்கத்து வீட்டில் கத்துகிறார்கள். எங்களுக்குத்தான் அதிவேக இன்டர்நெட்! (வாசகர், மதுரை)

பதில்: அதனால்தான். பக்கத்து வீட்டில் டிஷ். மேலே போய்க் கீழே இறங்க அலைக்கு ஆவது கால் விநாடி. சுருக்கி அனுப்பும் வேலைக்கு மேலும் சில விநாடிகள். இன்டர்நெட் நேரலையோ படத்தைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, இரண்டு மூன்று துண்டுகள் கைக்கு வந்தபின்தான் ஓட ஆரம்பிக்கும். அரை நிமிடம்வரை பின்தங்குவது சாதாரணம். வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் இது போகாது. பாக்ஸில் இரண்டும் இருந்தால் கிரிக்கெட்டை மட்டும் டிஷ் வழியே பார்க்கலாம். அல்லது ஜன்னலைச் சாத்தலாம்.

கேள்வி: ஒரு பாக்ஸை வாங்கி இன்டர்நெட்டில் இணைத்தால் கட்டணச் சேனல் எல்லாம் இலவசம் என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா? (வாசகர், சேலம்)

பதில்: ஓடும் என்பது உண்மை, இலவசம் என்பது பொய், சட்டப்படி என்பது பெரும் பொய். செயற்கைக்கோள் அலையின் சாவி சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். எங்கோ ஒருவர் பணம் கட்டிய கார்டிலிருந்து அந்தச் சாவிகளை எடுத்து இன்டர்நெட் வழியே ஊருக்கெல்லாம் விநியோகிக்கிறார். வருடச் சந்தா அவருக்குப் போகிறது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின்படி பூட்டை உடைப்பதற்கு இரண்டாண்டுச் சிறை வரை உண்டு. போதாததற்கு, பெயர் தெரியாத ஒருவரின் சர்வரோடு வீட்டு நெட்வொர்க்கை இருபத்துநாலு மணி நேரமும் பேச வைத்திருக்கிறோம். வங்கி ஆப் இருக்கும் போனும் அதே வைஃபையில்தான்.

கேள்வி: நாங்கள் என்ன பார்க்கிறோம் என்று பாக்ஸ் யாரிடமாவது சொல்லுமா? (வாசகி, திருச்சி)

பதில்: இணைக்கும்வரை சொல்லாது. எந்தப் பேக் வாங்கினீர்கள் என்பதுதான் நிறுவனத்துக்குத் தெரியும். எதைப் பார்த்தீர்கள் என்பது தெரியாது. டி.ஆர்.பி. கணக்கே, தேர்ந்தெடுத்த வீடுகளில் தனி மீட்டர் வைத்து, சேனலின் ஒலியில் காதுக்குக் கேட்காமல் பதித்த குறியீட்டைப் படித்துத்தான் போடப்படுகிறது. வாய் முளைத்த பாக்ஸ் வம்பும் பேச முடியும். எந்தச் சேனல், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் மாற்றினார்கள் என்பதெல்லாம் தகவலாகப் போகலாம். 'ஐ அக்ரீ' அமுக்குவதற்கு முன் தனியுரிமைப் பகுதியில் அணைக்கக்கூடியவற்றை அணைத்துவிடுவது நல்லது. யாரும் செய்வதில்லை என்பது வேறு விஷயம்.

கேள்வி: பாக்ஸை என் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தேன். மாமியார் மதியமெல்லாம் பழைய எபிசோடு பார்க்கிறார். என் டேட்டா மூன்று மணிக்குள் தீர்ந்துவிடுகிறது. (வாசகி, வேலூர்)

பதில்: ஹெச்.டி. தரத்தில் மணிக்குச் சுமார் 3 ஜி.பி., சாதாரணத் தரத்தில் 1 ஜி.பி. தினசரி இரண்டு ஜி.பி. பிளானில் மூன்று மணி வரை தாக்குப்பிடித்ததே பெரிது. அதே சீரியல் இரவில் செயற்கைக்கோள் வழியே வரும்போது ஒரு எம்.பி.கூடச் செலவாகாது, அதை ஒருவர் பார்த்தாலும் ஒரு கோடிப் பேர் பார்த்தாலும். ரெக்கார்டிங் வசதியுள்ள பாக்ஸ் என்றால், இரவே பென் டிரைவில் பதிந்து மதியம் அத்தையிடம் கொடுத்துவிடலாம். அந்தப் பதிவு பெரும்பாலும் அந்த பாக்ஸில் மட்டும்தான் ஓடும் என்பதை மட்டும் சொல்லிவிட வேண்டும். ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டை ரகசியமாக மாற்றும் யோசனையும் கடிதத்தின் அடியில் இருக்கிறது. அதற்கு இந்தப் பகுதி பொறுப்பேற்காது.