புது இதயத்துக்கும் அடைப்பு வருமா?

கேள்வி: மாற்று இதயம் வைத்துக்கொண்டவருக்கு மறுபடி மாரடைப்பு வருமா? வந்தால் யாருக்கு வலிக்கும்?

பதில்: வரும். பெரும்பாலும் யாருக்கும் வலிக்காது, ஆபத்தே அதில்தான்! இதயத்தை எடுக்கும்போதே நரம்புகளும் அறுபட்டுவிடுகின்றன. ரத்தம் போதாமல் அது தவித்தாலும் மூளைக்குத் தகவல் போவதில்லை. மூச்சுவாங்கல், அசதி என்று தலைகாட்டும்போது நோய் முற்றியிருக்கும். அதனால்தான் திடமாக நடமாடுகிறவரையும் அவ்வப்போது ஆஞ்சியோகிராமுக்கு வரச்சொல்கிறார்கள். சலித்துக்கொள்ளாமல் போகவேண்டும்.

1968 ஜனவரியில் கேப்டவுனில் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்ட், பிலிப் பிளைபெர்க் என்ற பல் மருத்துவருக்கு 24 வயது இளைஞரின் இதயத்தைப் பொருத்தினார். பிளைபெர்க் 19 மாதம் வாழ்ந்தார். பிரேதப் பரிசோதனையில் பார்த்தால், அந்த இள இதயத்தின் ரத்தக்குழாய்கள் முதியவருடையவை போல அடைபட்டுக் கிடந்தன! கொழுப்பு மட்டும் காரணமல்ல. 'இது நம்ம ஆள் இல்லை' என்று உடலின் எதிர்ப்பாற்றல் குழாயின் உட்சுவரைச் சீண்டிக்கொண்டே இருக்க, சுவர் தடித்துக்கொண்டே போகிறது. உப்புத்தண்ணீர் ஓடும் பைப் மாதிரி நெடுக அடைவதால், பல நேரம் ஸ்டென்ட் வைக்கவும் தோதான இடம் கிடைப்பதில்லை.

இன்று ஸ்டாட்டின், எவெரோலிமஸ் மாத்திரைகள் இந்தத் தடிப்பின் வேகத்தை மட்டுப்படுத்துகின்றன. நெதர்லாந்துக்காரர் பெர்ட் யான்சென் 1984-ல் மாற்று இதயம் பெற்றவர். அதோடு 39 ஆண்டுகளைத் தாண்டி வாழ்ந்து, கின்னஸ் புத்தகத்திலும் ஏறிவிட்டார்.