நாலே மணி நேரத்துல துபாயாம்லா!

ஏலே, இங்க வா. துபாய் நாலு மணி நேரந்தான்னு ஊரு பூரா சொல்லிக்கிட்டு அலையுதியாமே? டீக்கடையில ஒருத்தர் எங்கிட்டயே கேக்காரு, "உம்ம பேரன் காலம்பற போயிட்டுப் பொழுதடைய வந்துருவானோ"ன்னு. நான் என்னத்தச் சொல்ல?

மெட்ராசுல இருந்து துபாய் சுமார் 2,900 கிலோமீட்டர். ஆகாசத்துல நாலு மணி நேரம், ஒத்துக்கிடுதேன். ஆனா நீ இருக்கது சீவலப்பேரியிலலா? பஸ்ஸப் புடிச்சு ஜங்ஷன் போவணும். நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறினா ஒரு ராத்திரி பூரா காலி. 2023ல விட்ட வந்தே பாரத்துல போனாலும் எழும்பூருக்கு எட்டு மணி நேரம். பொறவு ஏர்போர்ட்டுக்கு மூணு மணி நேரம் முன்னாலயே போயி பெட்டியப் போடணும், முத்திரை குத்தணும், பெல்ட்டக் கழத்தி மாட்டணும். அங்க எறங்கினாலும் வரிசைதான். பறக்கதவிட நிக்கதுதாம்லே கூட. நாலு மணி நேரம்னு காட்டுத ஒம் போனு அதயெல்லாம் கணக்குல சேக்காது.

நம்ம சித்தாறு குத்தாலத்துல இருந்து வந்து இங்கன பொருநையில சேருதுல்லா? மழைக்காலத்துல தலதெறிக்க ஓடி வரும். சித்திரையில பாரு, வந்தே சேராது. தூரம் என்னமோ அதே தூரந்தான், நேரந்தான் வேற.

இன்னொரு கூத்து கேளு. மெட்ராசுல இருந்து சிங்கப்பூரும் அதே 2,900 சொச்சந்தான். காலையில பத்து மணிக்கு ரெண்டு பேரு ஆளுக்கொரு பக்கமா பொறப்படுதாங்கன்னு வையி. துபாய்க்காரன் எறங்கும்போது அந்த ஊரு கடியாரத்துல பன்னெண்டரை. சிங்கப்பூர்க்காரனுக்கு நாலரை. ரெண்டு பேரும் ஒக்காந்திருந்தது அதே நாலு மணி நேரந்தான். துபாய் நம்மளவிட ஒன்றரை மணி நேரம் பிந்தி, சிங்கப்பூர் ரெண்டரை மணி நேரம் முந்தி, அவ்வளவுதான் சூட்சுமம். இது தெரியாம துபாய்ல இருந்து ராத்திரி பதினொண்ணுக்கு ஆச்சிக்குப் போன் போட்டுராத. இங்க பன்னெண்டரை ஆயிருக்கும், எழவு சேதின்னு நெனச்சு ஒப்பாரிய ஆரம்பிச்சிருவா. அந்த நாலு மணி நேரங்கூட எப்பவும் ஒண்ணு போல இருக்காது. மார்கழி தையில மேல மேக்காத்து எதுத்து அடிக்கும், போறதுக்குக் கொஞ்சம் கூடுதலாவும். திரும்பி வரும்போது அதே காத்து தள்ளிவிட்டுரும். ஊருக்கு வாறதுன்னா காத்துக்கே ஒரு சந்தோசம் போல.

நம்ம பக்கத்துல வாகைகுளம் ஏர்போர்ட்டு இருக்கே, அங்க ரன்வே 1,350 மீட்டரா கெடந்தது. மூவாயிரத்துக்கு மேல நீட்டி, 2025 ஜூலையில புது டெர்மினலும் தொறந்தாச்சு. நீளம் வந்துட்டு, துபாய் வண்டிதான் வரல.

அது சரி, திருவனந்தபுரம் நமக்கு நூத்தம்பது, நூத்தறுபது கிலோமீட்டர். காருல நாலு மணி நேரம். அங்கிருந்தே துபாய்க்கு நேரா பிளேன் இருக்கு. நீ மேக்க போறவன், அறுநூறு கிலோமீட்டர் வடக்க போயி ஏறுதியே, என்னலே கணக்கு இது? டிக்கெட்டு வெல கொறவுன்னு ஆச்சிகிட்ட சொல்லு, நம்புவா. எங்கிட்ட நெசத்தச் சொல்லிரு: மெட்ராசுல யாருலே இருக்கா?