ரேம் பணியிடத்துக்குப் பென்டிரைவ் நியமனம்: நன்றி தெரிவித்தல்

பெறுநர்: உயர்திரு கொள்முதல் அலுவலர் அவர்கள், தலைமை அலுவலகம்.

பொருள்: மெதுவாக இயங்கும் கணினிகளுக்கு ரேம் கேட்டது – பென்டிரைவ் வரப்பெற்றது – தொடர்பாக.

பார்வை: தங்கள் சுற்றறிக்கை. (எண்ணைப் பார்க்கக் கோப்பைத் திறந்திருக்கிறேன், மதியத்துக்குள் திறந்துவிடும்.)

ஐயா,

ரேம் பணியிடம் காலியாக இருப்பதால் பென்டிரைவுக்கு அதன் கூடுதல் பொறுப்பை அளித்துத் தாங்கள் பிறப்பித்த ஆணை கிடைத்தது. ரேம் 2 ஜிபி, பென்டிரைவ் 4 ஜிபி, ஆக மொத்தம் 6 ஜிபி என்று இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிட்டோம். தணிக்கைக்கு இது போதும்.

கணினிக்குத்தான் போதவில்லை. பழுது பார்க்க வரும் தம்பி இந்தக் கூட்டலே தப்பு என்கிறார். 2007-ல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்த ரெடிபூஸ்ட் என்ற வசதியாம் இது. ஹார்ட் டிஸ்கில் அடிக்கடி தேவைப்படும் சின்னச் சின்னத் துண்டுகளைப் பென்டிரைவில் நகலெடுத்து வைக்கும். டிஸ்க்கின் ஹெட் இடம் இடமாக ஓடித் தேட ஒவ்வொரு தடவையும் பத்து மில்லி நொடி போல ஆகும். பென்டிரைவில் ஓடுவதற்கு எதுவும் இல்லை. லாபம் அவ்வளவுதான். ரேம் ஒரு துளியும் கூடாது. 512 எம்பி ரேமோடு திணறிய அந்தக் காலத்துக் கணினிகளுக்கு அது கைகொடுத்தது. 2 ஜிபி இருக்கும் இடத்தில் வித்தியாசத்தை உணரவே தனித் திறமை வேண்டும். எஸ்எஸ்டி பொருத்திய கணினியில் செருகினால், இங்கே உன் உதவி தேவையில்லை என்று விண்டோஸே சொல்லி அனுப்பிவிடும்.

இன்னொரு சங்கடம். விண்டோஸ் தேர்வு வைக்கிறது, ஐயா. 4 கேபி துண்டுகளை அங்கும் இங்குமாகப் படிப்பதில் நொடிக்கு 2.5 எம்பி, 512 கேபி துண்டுகளை எழுதுவதில் 1.75 எம்பி. விஸ்டா காலத்தில் வைத்த வரம்பு. இன்றைக்குக் குழந்தைத் தேர்வு. மிகக் குறைந்த விலைப்புள்ளி, ஒப்பீட்டுப் பட்டியல், பச்சை மைக் கையொப்பம் எல்லாவற்றிலும் தேறி வந்த நம் பென்டிரைவ்களில் பாதி இதில் தோற்றுவிட்டன. கொள்முதல் குழுவையும் தாண்டிச் சோதிக்கும் அதிகாரத்தை விண்டோஸுக்கு யார் கொடுத்தது என்று விளக்கம் கேட்கலாம்.

தேறியவற்றுக்கும் நிம்மதி இல்லை. முன்பக்கம் இரண்டே யூஎஸ்பி துளைகள், ஒன்று பழுது. அதிகாரி டிஜிட்டல் கையொப்பம் இட டோக்கன் செருகும்போதெல்லாம் பென்டிரைவ் வெளியே வருகிறது. அசல் எல்லாம் டிஸ்கிலேயே இருப்பதால் எதுவும் தொலைவதில்லை. நகல் 128 பிட் ஏஇஎஸ் பூட்டுக்குள் இருப்பதால் எடுத்துப்போகிறவராலும் படிக்க முடியாது. திரும்பச் செருகியதும் பாவம், முதலிலிருந்து நகலெடுக்கத் தொடங்குகிறது. அது முடிவதற்குள் அடுத்த கையொப்பம்.

ஆகவே ரேம் அல்லது எஸ்எஸ்டி வாங்கித் தருமாறு கேட்கப்போகிறேன் என்று தாங்கள் அஞ்ச வேண்டாம். அந்தக் கோப்பு எந்த மேசையில் உறங்குகிறது என்பது எனக்குத் தெரியும். அதைத் தொந்தரவு செய்ய மனமில்லை. கேட்பது ஒன்றே ஒன்று. தேர்வில் தோற்ற பென்டிரைவ்கள் தற்போது அலுவலர்களின் கார்களில் இளையராஜா பாடல்களோடு, புகாருக்கு இடமின்றிப் பணியாற்றி வருகின்றன. அவற்றுக்கு முன்தேதியிட்டு அயற்பணி ஆணை வழங்கினால், அடுத்த இருப்புச் சரிபார்ப்பின்போது பேருதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிந்த,
பிரிவு எழுத்தர்