தட்டைக் கவிழ்த்துப் பார்

பழைய பீங்கான் சேகரிப்பவர்களை விருந்துக்குக் கூப்பிடாதீர்கள். சோறு விழுவதற்கு முன்பே தட்டைக் கவிழ்த்துவிடுவார்கள். அடியில் என்ன முத்திரை, எந்த ஊர், எந்த வருஷம் என்று சம்பந்தம் பேச வந்த வீட்டில் பூர்வோத்தரம் விசாரிப்பதுபோல் விசாரணை நடக்கும். கையால் பூ வரைந்த பழைய ஜப்பான் தட்டு என்றால் அந்தச் சம்பந்தம் படியாது. அந்தக் குடும்பத்தில் யாருக்குமே ஜாதகம் சுத்தமில்லை.

ஆரம்பமே ஆள்கடத்தல். 1592ல் ஜப்பானை ஆண்ட தொயோதோமி ஹிதெயோஷிக்குச் சீனாவைப் பிடிக்க ஆசை வந்தது. நடுவில் கொரியா இருந்தது, அங்கேயே மாட்டிக்கொண்டார். 1598ல் அவர் போய்ச் சேர்ந்தார், சண்டையும் முடிந்தது. வெறுங்கையோடு வீடு திரும்பக் கூச்சப்பட்ட பிரபுக்கள் கொரியக் குயவர்களை வாரிக்கொண்டு கப்பலேறினார்கள். தேநீர்ச் சடங்குக் கிறுக்கு உச்சத்தில் இருந்த காலம், கொரியக் கிண்ணம் என்றால் பெரிய மனிதர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். இந்தப் போருக்கு ஜப்பானியர்களே வைத்த செல்லப் பெயர் ‘பானைச் சண்டை’.

அப்படி வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் யி சாம்-பியோங். கியூஷூ தீவின் அரிதாவில், 1616 வாக்கில், பீங்கானுக்கு ஏற்ற வெள்ளைக் கல்லை அவர்தான் கண்டுபிடித்தார் என்பது ஊர் வழக்கு. அதுவரை ஜப்பானிடம் மண் சட்டிதான் உண்டு, பீங்கான் கிடையாது. சூளைகள் பெருகின, விறகுக்காகக் காடுகள் மொட்டையாயின. அந்தப் பகுதியை ஆண்ட நபேஷிமா பிரபுவின் ஆட்சி 1637ல் உத்தரவு போட்டது: 826 பேர் ஊரைவிட்டு வெளியேற வேண்டும். வெளியேறியவர்கள் யார்? ஜப்பானியக் குயவர்கள்! கடத்தி வந்தவரை வைத்துக்கொண்டு சொந்தக்காரனைத் துரத்தினால்தான் தொழில் உருப்படும் என்று பிரபுவுக்குத் தெரிந்திருக்கிறது. பிற்பாடு யி சாம்-பியோங்கை அரிதாக்காரர்கள் கோயிலில் வைத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள். அந்தக் கோயிலின் வாசல் தோரணமே பீங்கான்.

1644ல் சீனாவில் மிங் ஆட்சி கவிழ்ந்தது. அங்கே சரக்கு கிடைக்காமல் டச்சுக்காரர்கள் நாகசாகிப் பக்கம் திரும்பினார்கள். 1659ல் ஒரே தடவையில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உருப்படிகள் கேட்டார்கள். கேட்டது ஜப்பானியத் தட்டையா? இல்லை, சீனத் தட்டு மாதிரியே வேண்டும் என்றார்கள். செய்த ஊர் அரிதா. கப்பலேறிய துறைமுகம் இமாரி. ஆகவே சரக்குக்குப் பெயர் இமாரி. இங்கிலீஷ்காரன் வீட்டு அலமாரிக்குப் போனதும் அதுவே ‘சைனா’. பாவம் அரிதா, சுட்டுக்கொண்டே இருந்தது.

இந்த ஊரில் ககியெமோன் என்றொரு குடும்பம். பால் வெள்ளைத் தளத்தில் ஒரு மூலையில் இரண்டு காடை, ஒரு கிளை, கொஞ்சம் சிவப்பு, அவ்வளவுதான். மீதித் தட்டு காலி. சும்மா விட்ட இடத்துக்கே ஐரோப்பிய ராஜாக்கள் கஜானாவைத் திறந்தார்கள்.

அவர்களில் கிறுக்கு முற்றியவர் சாக்சனியின் அகஸ்டஸ். 1717ல் பிரஷ்ய மன்னருக்கு 600 குதிரைப்படை வீரர்களைக் கொடுத்துவிட்டு 151 சீனப் பாத்திரங்கள் வாங்கினார். ஒரு ஜாடிக்கு நாலு சிப்பாய் வீதம்! பேரம் படிந்ததா என்று சிப்பாய்களை யாரும் கேட்கவில்லை. இதற்கு முன்பே, தங்கம் செய்து தருகிறேன் என்று அளந்துகொண்டிருந்த பியோட்கர் என்ற இளைஞரைப் பிடித்து அடைத்து வைத்திருந்தார். தங்கம் வரவில்லை, 1708ல் பீங்கான் வந்தது. 1710ல் மைசன் தொழிற்சாலை. அங்கே செய்த முக்கியமான வேலை என்ன? ககியெமோன் காடையைக் காப்பியடிப்பது.

லெமேர் என்ற பாரிஸ் வியாபாரிக்கு அது போதவில்லை. மைசன் முத்திரை இல்லாமல் சரக்கு வாங்கி, ஜப்பானிலிருந்து வந்ததென்று விற்றார். ராஜாவின் மந்திரி ஹோய்ம் பிரபுவும் கூட்டு. 1731ல் குட்டு உடைந்தது. இதற்கிடையில் சீனாக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஜப்பான் இமாரி நன்றாகப் போகிறதே என்று அதையே செய்து, மலிவாக விற்று, அரிதாவின் வியாபாரத்தில் மண் போட்டார்கள். சீனத் தட்டைப் பார்த்து ஜப்பான் செய்ததை, ஜப்பானைப் பார்த்துச் சீனா செய்தது. டச்சுக்காரன் இரண்டுக்கும் தரகு.

பிற்பாடு, மெய்ஜி மன்னர் காலத்தில், மொரிமுரா என்ற ஜப்பானியச் சகோதரர்கள் நியூயார்க்கில் கடை போட்டார்கள். அமெரிக்கர்களுக்குக் கிண்ணம் பிடிக்கும். ஆனால் சாப்பிட வட்டத் தட்டு வேண்டுமாம். 1904ல் நகோயாவின் நொரிதாகேயில் ஆலை ஆரம்பித்தார்கள். சிறு கிண்ணத்தில் சாப்பிட்டே பழகியவர்களுக்கு 25 சென்டிமீட்டர் சமதளத் தட்டு பெரிய தலைவலி. சோறு போடும் இடம் மட்டமாக வரவே மாட்டேன் என்றது. முழு விருந்துத் தொகுதி வெளிவந்தது 1914ல். அதற்கு வைத்த பெயர் ‘செடான்’. மேலே வரைந்ததோ ஐரோப்பிய பாணிப் பூக்கள். ஜப்பான் வாடையே கிடையாது.

அடியில் முத்திரை வேண்டும் என்று அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டம் 1891 முதல் கட்டாயப்படுத்தியது. ‘நிப்பான்’ என்று குத்தினார்கள், தங்கள் நாட்டைத் தாங்கள் அழைக்கும் பெயரில். முப்பது வருஷம் கழித்து 1921ல் சுங்க அதிகாரிகளுக்கு ஞானோதயம் வந்தது: இது ஜப்பானிய வார்த்தையாயிற்றே, எங்களுக்குப் புரியாது, ‘ஜப்பான்’ என்று போடு! போட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் தோற்றபின், 1947லிருந்து ஏற்றுமதித் தட்டின் அடியில் ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்று குத்த வேண்டியிருந்தது. மேலே ரோஜாப் பூ, தங்க விளிம்பு. கீழே சிறைக்கைதி எண் மாதிரி இது.

சேகரிப்பவர்களுக்கு இப்போது அந்த முத்திரைதான் உயிர். அதற்கென்றே தனி அலமாரி. கிராக்கி வந்தால் கள்ளச் சரக்கும் வருமே, போலி முத்திரை குத்துகிற புண்ணியவான்களும் கிளம்பிவிட்டார்கள். நாடு 1952லேயே விடுபட்டுவிட்டது. தட்டுகளை மட்டும் இன்னும் ஆக்கிரமிப்பிலேயே சுட்டுக்கொண்டிருக்கிறார்கள்.