பூமி ரெண்டா இருக்குது?

பனியன் கம்பெனிக்குள் யாரும் பேசுவதில்லை. கத்துவார்கள், இல்லாவிட்டால் சைகை காட்டுவார்கள். ஓவர்லாக்கும் பேட்லாக்கும் சேர்ந்து ஓடும்போது, எதிர் வரிசையில் அசைகிற வாயைப் பார்த்தே அது டீ கேட்கிறதா, மாமியாரைத் திட்டுகிறதா என்று கண்டுபிடிக்க எங்கள் டெய்லர்களுக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரியாது. அதனால் வாக்கிடாக்கி வாங்கினார். ஆள் பயந்த சுபாவம். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் பேச லைசென்ஸ் வேண்டாம் என்று 2018-இல் விதி வந்ததைக் கேட்டறிந்து, அந்த ரகமாகவே பார்த்து வாங்கினார்.

ஒரே சீசனில் கட்டிங் மாஸ்டரின் செட் ஊமையாகிவிட்டது. மைக் ஓட்டைக்குள் பஞ்சு. எங்கள் கம்பெனியில் பஞ்சு நுழையாத இடம் கல்லாப்பெட்டி ஒன்றுதான், அதுவும் சந்தேகம்.

“வெளிய ஒரு கண்டன்சர் மைக்கு போட்டு, சட்டையில மாட்டிக்கலாமுங்க” என்றார் எலக்ட்ரீஷியன் அண்ணன்.

கடைக்காரர் கண்டன்சர் மைக் என்று கொடுப்பது எலக்ட்ரெட் மைக். 1962-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் சேர்ந்து உருவாக்கியது. சட்டைப் பொத்தான் அளவுதான். உள்ளே, ஏற்றிய மின்சாரத்தை வருஷக்கணக்கில் விடாமல் வைத்திருக்கும் ஒரு பிளாஸ்டிக் படலம். அதற்கு நாம் ஒன்றும் தர வேண்டியதில்லை. கூடவே ஒரு குட்டி டிரான்சிஸ்டர் இருக்கிறதே, அதுதான் சிக்கல். திருப்பூர் டெய்லர் மாதிரி, அட்வான்ஸ் கைக்கு வராமல் வேலைக்கு உட்காராது. 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக இரண்டு மூன்று வோல்ட் போனால்தான் வாய் திறக்கும். நல்லவேளையாக அதை வாக்கிடாக்கியே மைக் வயரில் கொடுத்துவிடுகிறது. பிளஸ் மைனஸ் மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும். மைக்கின் பின்பக்கம் உள்ள இரண்டு புள்ளிகளில் உலோக உறையைத் தொட்டுக்கொண்டிருப்பது மைனஸ்.

இதெல்லாம் அண்ணனுக்கு அத்துப்படி. தகராறு எர்த்தில் வந்தது. இந்த செட்டில் 3.5 மில்லிமீட்டரில் ஒரு பின், 2.5-இல் ஒரு பின். பெரியதன் அடிப்பாகம் மைக்கின் எர்த்து, சின்னதன் அடிப்பாகம் செட்டின் எர்த்து. இரண்டும் சேர்ந்தால், யாரோ பேசும் பட்டனை அமுக்கிவிட்டதாக செட் எடுத்துக்கொள்ளும். நான் சொல்லிப் பார்த்தேன். கணக்கு எழுதுகிறவன் பேச்சு கம்பெனியில் எடுபடுமா?

“எர்த்துன்னா எல்லாம் எர்த்துதானுங்க. பூமி ரெண்டா இருக்குது?” என்று இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டார். வேதாந்தமாகப் பார்த்தால் மறுக்க முடியாது.

மாஸ்டரின் நெஞ்சிலிருந்து இடைவிடாத ஒலிபரப்பு தொடங்கியது. பேசிக்கொண்டிருக்கும் செட்டுக்குக் காது கேட்காது. முதலாளி “மாஸ்டர், மாஸ்டர்” என்று கூப்பிட்டதெல்லாம் வீண். எங்களுக்குக் கேட்டது வெறும் மிஷின் இரைச்சல்.

அப்போது கரண்டு போனது.

மிஷின்கள் நின்றன, கத்தல் நிற்கவில்லை. இந்த ரக எலக்ட்ரெட் மைக் பெரும்பாலும் எல்லாத் திசையையும் ஒன்றுபோலக் கேட்கும். ஜெனரேட்டர் போடுவதற்குள், முதலாளியின் மேஜையிலிருந்த செட் தெளிவாகச் சொன்னது:

“போன தீவாளிக்கு நூல் வெலை ஏறிப்போச்சுன்னாரு. இந்தத் தீவாளிக்கு டாலரு எறங்கிப்போச்சும்பாரு. காரு மட்டும் எப்பிடிக்கா புதுசு புதுசா வருது?”

நான் பேரேட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். முதலாளி செட்டை அணைப்பார் என்று நினைத்தேன். சத்தத்தைக் கூட்டினார்.

மத்தியானமே அண்ணன் முறுக்கைப் பிரித்து, நடுவில் பட்டன் வைத்தார். செட்டின் அலை மைக்குக்குள்ளேயே புகுந்து உர்ரென்றதற்கு, மைக்கின் குறுக்கே 100 பிக்கோபாரட் கண்டன்சர் ஒன்றைப் போட்டார். இப்போது அமுக்கினால்தான் பேசுகிறது.

தீபாவளி நெருங்கியதும் முதலாளி அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, “செக்கிங் டேபிளுக்கு ஒண்ணு வேணுமப்பா. மொதல்ல போட்டயில்ல, அதே மாதிரி” என்றாராம். அண்ணன் வயருக்கென்று ஐநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். போகிற வழியில் விஷயத்தைச் செக்கிங் அக்காவிடம் சொல்லி, ஒரு டீயும் பன்னும் வாங்கிக்கொண்டார்.