மருந்து பிள்ளைக்கா, உனக்கா?

ஏ பேராண்டி, பிள்ளை பிறந்து நாப்பது நாள்கூட ஆகல, ராத்திரியெல்லாம் ஊரைக் கூட்டுதாமே! நீயும் நாட்டு மருந்துக் கடைக்கு ஓடி வசம்பு, ஜாதிக்காய், கசகசான்னு பொட்டலம் பொட்டலமா கட்டிட்டு வந்துட்டியாம். சபாஷ். உன் கல்யாணத்துக்குக்கூட நீ இந்த வேகத்துல மளிகை வாங்கல.

உங்க அப்பத்தா வசம்பை விளக்குத் தீயில கருக்கி, உரைகல்லுல தாய்ப்பால் விட்டு இழைச்சு, கன்னங்கரேல்னு சங்குல வார்ப்பா. எத்தனை இழைப்புன்னு கேட்டுப் பாரு. "அது கைக்குத் தெரியும்"பா. ரசத்துல உப்பு கூடினா இன்னொரு கை தண்ணி ஊத்தலாம். பிள்ளை வயித்துல கூடினா எதை ஊத்துவே?

அந்த வசம்புல அசரோன்னு ஒரு சரக்கு இருக்கு. எலிக்குக் கொடுத்துப் பாத்தான், கட்டி வந்துச்சு. 1968லயே அமெரிக்காக்காரன் வசம்பைச் சாப்பாட்டுல சேக்கக்கூடாதுன்னு தடை போட்டுட்டான். நாம அதையே வளையலா கோத்துப் பிள்ளை கையில மாட்டுறோம். எந்தப் பிள்ளை கையை வாயில வைக்காம இருந்திருக்கு? ஜாதிக்காய் கூடினா மயக்கம், வலிப்புன்னு போகும். கசகசா அபின் செடி விதை. காயோட பால் விதை மேல ஒட்டியிருந்தா பிள்ளை நல்லாத்தான் தூங்கும், மூச்சும் கூடச் சேந்து தூங்கிட்டா?

சீமைக்காரன் மட்டும் யோக்கியம்னு நினைக்காதே. 1849லயே அமெரிக்காவுல மிஸஸ் வின்ஸ்லோ சிரப்புன்னு மார்பின் கலந்து பிள்ளைகளுக்கு வித்தான். பழைய கிரைப் வாட்டர்ல சாராயம் இருந்துச்சு. பிள்ளை அடங்கினதுல என்ன அதிசயம்? பெரிய ஆளுங்களே அடங்கிருவாங்க.

ஒண்ணு சொல்றேன், அப்பத்தா காதுல போட்டுறாதே. அழுகை ஆறாவது வாரத்துல உச்சிக்கு ஏறி, மூணு நாலு மாசத்துல தானா இறங்கிரும். அந்த நேரத்துல எதை இழைச்சுக் கொடுத்திருந்தாலும் பேரு அதுக்குத்தான். செங்கல்லை இழைச்சிருந்தாக்கூட இந்நேரம் செங்கல் வைத்தியசாலை கட்டியிருப்போம்.

ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால்தான், தண்ணிகூட வேணாம். தேனை ஒரு வயசு வரைக்கும் நாக்குல காட்டாதே. பிள்ளைக்குக் காய்ச்சல் அடிச்சா, பால் குடிக்காம துவண்டா, பச்சையா வாந்தி எடுத்தா, உரைகல்லைத் தேடாதே, வண்டியை எடு. மத்தபடி அழுதா தோள்ல போட்டு ஏப்பம் விட வை, திண்ணைக்கும் கிணத்தடிக்கும் நட. பொண்டாட்டியை எழுப்பாதே, அவ தூங்கட்டும்.

நடந்து நடந்து உனக்குத் தூக்கம் போயிருச்சுன்னா என்கிட்ட வா. கசகசாப் பால் காய்ச்சித் தர்றேன், உன் உடம்புக்குத் தாங்கும்.